பாம்பனின் கைத்தூக்குப் பாலம்

பாம்பன் கால்வாயின் பழைய ரயில் பாலத்தில் கப்பல்களுக்கு வழிவிடுவதற்கென்றே ஒரு கண் இருந்தது. ஒவ்வொன்றும் சுமார் 415 டன் எடையுள்ள இரண்டு இரும்பு இறக்கைகள் அங்கே நடுவில் வந்து சேர்ந்தன. கப்பல் வரும்போது இரண்டும் பிரிந்து மேலெழும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த வேலையை மின்மோட்டார் செய்யவில்லை, மனிதக் கைகளே செய்தன.

கோவையிலிருந்து போகிறவருக்கு இது நீண்ட வழி. உக்கடத்தில் பழனி பஸ் ஏறி, மதுரை, இராமநாதபுரம் என்று மாறிப் போனால் ஒரு பகல் கரைந்துவிடும். மண்டபம் தாண்டியதும் சாலை கடல்மேல் ஏறுகிறது. 1988இல் திறந்த இந்தச் சாலைப் பாலத்தின் உச்சியில் நின்றால் ரயில் பாலம் முழுக்கக் கண்ணுக்குக் கீழே கிடக்கும். இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். இரண்டுக்கும் இடையிலுள்ள ஆழம் குறைந்த பாறை வழியை 19ஆம் நூற்றாண்டில் ஆழப்படுத்தி, சிறு கப்பல்கள் போய்வரும்படி செய்தார்கள்.

அந்த வழியின் குறுக்கே ரயில் வேண்டியிருந்ததுதான் சிக்கல். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் இராமேஸ்வரம் தீவிலுள்ள தனுஷ்கோடி வந்து, அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போவது திட்டம். 1911இல் பாலவேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தூக்குக் கண்ணின் வடிவமைப்பு வில்லியம் ஷெர்சருடையது. அவரை ஜெர்மானியர் என்று எழுதுகிறவர்கள் பலர். உண்மையில் அவர் சிகாகோவில் தொழில் செய்த அமெரிக்கப் பொறியாளர்.

நானூறு டன்னைக் கையால் தூக்க முடிந்தது பலத்தால் அல்ல, சமநிலையால். துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டினால் தண்ணீர்ச் சால் சுளுவாக மேலே வருவதுபோல, இறக்கையின் பின்புறம் அதற்கு ஈடான எதிர்எடை இருந்தது. உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். இறக்கையின் அடிப்பகுதி வளைந்தது. பற்சக்கரங்களோடு இணைந்த நெம்புகோல்களை ஊழியர்கள் கூடித் தள்ள, அந்த வளைவு தடத்தின்மேல் மெல்லப் பின்னோக்கி உருளும். முன்பகுதி 81 பாகை வரை நிமிரும். உருண்டு பின்வாங்குவதால் கால்வாயின் அகலமும் குறையாது. ஆனால் நிமிர்ந்த இறக்கை காற்றுக்குப் பாய்போல. பலத்த காற்றில் அதைத் திறப்பது ஆபத்து.

நாட்டுப்படகுகள் பாலத்துக்கு அடியிலேயே போய்விடும். பெரிய விசைப்படகுகளும் கப்பல்களும் துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பாலம் திறக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கலிடோனியன் கால்வாயில் பாம்பன் பாலத்துக்கு ஒரு சிறிய உறவு இருக்கிறது. அங்குள்ள மோய் பாலம் தூக்குவதல்ல, கிடையாகச் சுழல்வது. காவலர் ஒரு பாதியைக் கையால் திறந்துவிட்டு, துடுப்புப் படகில் எதிர்க்கரைக்குப் போய் மறுபாதியைத் திறக்கிறார். பாம்பனில் இரு கரைக்கும் தனித்தனி ஆட்கள் என்பதால் அந்தப் படகுச் சவாரி தேவைப்படவில்லை.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. பாலத்தின் 126 கண்கள் பெயர்ந்து விழுந்தன, தூக்குக் கண் மட்டும் நின்றது. ஆறு மாதம் ஆகும் என்று கணித்த சீரமைப்பை, கடலில் விழுந்த உத்தரங்களை மீட்டெடுத்து, இ. ஸ்ரீதரன் பொறுப்பிலிருந்த குழு 46 நாளில் முடித்தது. பின்னாளில் டெல்லி மெட்ரோவுக்காகப் பேர் வாங்கிய அதே ஸ்ரீதரன்தான். 2007இல் பாதை அகல ரயிலுக்கு மாறியபோது இறக்கைகளும் வலுவேற்றப்பட்டன.

உப்புக்காற்று பாலத்தை விட்டுவைக்கவில்லை. 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளக் கண் ஒன்று, கிடந்தபடியே 17 மீட்டர் உயரத்துக்கு மின்விசையால் நேராக ஏறுகிறது.