எந்தையாரின் மோட்டார் ஸைக்கிள்

எமது இல்லத்துப் பின்கட்டிலுள்ள கொட்டகையில், விறகுக்கும் கால் முறிந்த பெஞ்சுகளுக்கும் இடையே, இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு மோட்டார் ஸைக்கிள் உறங்கிக் கிடந்தது. எந்தையார் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த சில ஆண்டுகளுக்குள், 1968-இல், தவணைப் பணம் கட்டி வாங்கிய புல்லட் வண்டி அது. இங்கிலாந்து தேசத்து ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவித் திருவொற்றியூரில் இவ்வகை வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டனர் என்பதும், தாய்வீடாகிய இங்கிலாந்தில் அத்தொழில் 1970-இல் அவிந்த பின்னரும் திருவொற்றியூரில் அவியவில்லை என்பதும் இதனைப் படிப்போருட் பலர் அறிந்தனவே. எம் அன்னையாரை மணம் முடித்து அழைத்து வந்ததும், எம்மை முதன்முதற் பள்ளியிற் சேர்க்கக் கொண்டு சென்றதும் இவ்வண்டியேயாம்.

அன்னையார் இன்றில்லை. எந்தையார் எண்பதைக் கடந்தவர். கண்ணழுத்த நோயால் இரு விழிகளும் ஏறக்குறைய ஒளி மழுங்கினவர். சென்ற ஆண்டு ஒருநாள் உணவுக்குப் பின், "உன் அம்மையின் நினைவு நாளுக்குக் கல்லறைக்கு அந்த வண்டியிலே என்னைக் கூட்டிக்கொண்டு போவாயா?" என்று வினவினார். அவர் எம்மிடம் ஒன்றை வேண்டிக் கேட்டது எமக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதுவே முதன்முறை. யாம் உடனே இசைந்தோம். இசைவது எளிது.

வண்டியைப் புதுக்க ஏழு திங்கள் சென்றன. அக்கதையை இங்கு விரித்தல் வேண்டா. எமது தெருக்கோடியில் சிறு பட்டறை வைத்திருக்கும் இளைஞரொருவர் துணையாயிருந்தார். துருவைச் சுரண்டிக் கரும் வர்ணம் பூசினோம். சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் இட்டோம். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருத்தலின் அதற்கு ஏற்ற ரப்பர்க் குழலைத் தேடிப் பொருத்தினோம். நினைவு நாளுக்கு ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தபோது, வண்டி சாளரத்து வெயிலில் மணமகனைப்போல நின்றது. எம் துன்பம் அங்குதான் தொடங்கிற்று.

முதல் நாள் உதை உதையென்று உதைத்தும் இயந்திரம் வாய் திறக்கவில்லை. சாவியைத் திருப்பினால் அம்மீட்டரின் முள் அசையவேண்டும், அசையவில்லை. மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகவே திரும்பி வருதல் வேண்டும். யாமோ அச்சட்டத்துக்கு மூன்று பூச்சு வர்ணம் அடித்து, அவ்வர்ணத்தின்மேலேயே கம்பியை முடுக்கியிருந்தோம். இளைஞர் முறுவலித்துக்கொண்டே கத்தியால் ஒரு காசளவு வர்ணத்தைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின்மேல் கம்பியை மாட்டினார்; முள் துள்ளிற்று. யாம் கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவர் என்பதை இவ்விடத்து மறைப்பதிற் பயனில்லை.

பின்னர் எந்தையாரைக் கைபிடித்து அழைத்து வந்து நிறுத்தினோம். அவர் இருக்கையைத் தடவிப் பார்த்து, முறையைச் சொன்னார்: கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் இறுகிக் கால் தடைப்படும் இடத்தைக் காண்க, அங்கு டீகம்பிரெஸ்ஸர் பிடியை இழுத்துக் கிக்கரைச் சிறிதே இறக்குக, பிடியை விட்டுப் பின் ஒரே உதை. அங்ஙனமே செய்தோம். இரண்டாம் உதைக்கு வண்டி எழுந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உடைய அவ்வொற்றைச் சிலிண்டர், 346 கன சென்டிமீட்டர்தான் எனினும், நின்று நிதானித்துப் பேசும் பேச்சு வேறெவ்வண்டிக்கும் இல்லை. சிலிண்டரின் தலைக்கு எண்ணெய் ஏறும் குழலின் திருகை இளைஞர் சற்றே நெகிழ்த்த, எண்ணெய் முத்துமுத்தாகக் கசிந்தது. பம்பு வேலை செய்கின்றது என்பதற்கு அதுவே சான்று. டாங்கியில் இரண்டு லிட்டர் பெட்ரோலே இருந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டு யாமே நிறுத்தினோம். அன்றிரவு எந்தையார் நெடுநேரம் உறங்கவில்லை, யாமும் உறங்கவில்லை.

மறுநாள் டாங்கியை வாய்மட்டும் நிரப்பினோம். வண்டி எழுந்து, எட்டு நிமிடம் ஓடி, இருமி, நின்றது. மூடியைத் திறந்து பெட்ரோல் உண்டா என்று நோக்கினோம் (நிரப்பியவர் யாமே, ஆயினும் நோக்கினோம்). பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். உதைத்தோம், எழுந்தது. எட்டாம் நிமிடத்தில் மீண்டும் நின்றது. சூடேறினால் நிற்கின்றது, ஆறினால் எழுகின்றது என்பது எமது முடிபு. சூட்டில் கெடுவது கண்டென்ஸர் என்று நூல்கள் கூறும். ஆதலின் புதிய கண்டென்ஸர் இட்டோம், எட்டு நிமிடம். காயிலை மாற்றினோம், எட்டு நிமிடம். பாயிண்டின் இடைவெளியை அளக்க, 15 'தௌ' இருக்கவேண்டிய இடத்தில் 18 இருந்தது. வண்டி நிற்பதற்கு அது காரணமாகாது என்பதை இன்று அறிவோம். அன்று நினைவு நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன.

"வேலை தெரியாதவன் கையிற் கொடுத்தது எம் பிழை" என்று சொல்லிவிட்டோம்.

இளைஞர் மறுமொழி கூறவில்லை. ஸ்பானரைத் துடைத்து வைத்தார்; கைகளை மண்ணெண்ணெயிற் கழுவினார். வாயிலருகே நின்று, "சார், டாங்கியை விட்டுவிட்டு, ஒரு புட்டியில் பெட்ரோல் ஊற்றி மேலே தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள்" என்றார். பின் போய்விட்டார். கூலியும் பெற்றுக்கொள்ளவில்லை.

அவர் சொன்னபடி செய்ய எமக்கு ஒரு நாள் ஆயிற்று; அந்நாளை எம் செருக்கு தின்றது. புட்டியைத் தொங்கவிட்டபோது வண்டி அரைமணி நேரம் பிசிறின்றி ஓடிற்று. எனவே மின்சாரப் பகுதி குற்றமற்றது, நோய் டாங்கியிலே. டேப்பைக் கழற்றி வடிகட்டியைக் கழுவினோம். மூடியைத் திறந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே குழலைப் பிடித்தோம், பெட்ரோல் கொட்டிற்று. தடையே இல்லை. எல்லாவற்றையும் மாட்டி ஓட்டினோம்; எட்டு நிமிடம். நினைவு நாளுக்கு முந்தின மாலை அது. ஆட்டோ ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிடலாமா என்று எந்தையாரிடம் கேட்கும் சொற்களை மனத்துள் கோத்துக்கொண்டிருந்தோம்.

அவர் தாழ்வாரத்து நாற்காலியில் இருந்தபடியே, "நீ மூடியைத் திறக்கும்போதெல்லாம் உஸ்ஸென்று ஓர் ஒலி வருகிறதே, அது என்ன?" என்றார்.

எமக்கு அவ்வொலி ஒருமுறையேனும் கேட்டதில்லை. மூடியை இறுக்கி, வண்டியை ஓட்டி, நின்றவுடன் செவியை அருகே வைத்துத் திறந்தோம். உஸ்ஸென்றது: காற்று உள்ளே புகும் ஒலி. மூடியைத் தலைகீழாகத் திருப்பினோம். அதன் உட்புறத்தில் காற்றுப் புகுதற்கென அமைந்த ஊசித்துளையின்மேல், யாமே எம் கையால் வெட்டி ஒட்டிய கார்க்கு வாஷர் அழகாக அமர்ந்திருந்தது. வளையமாக வெட்டவேண்டியதை முழு வட்டமாக வெட்டியிருந்தோம்.

பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம். டாங்கியின் பெட்ரோல் மட்டம் கார்புரெட்டருக்கு ஒரு சாணுக்குச் சற்று மிகுதியான உயரத்தில் நிற்கின்றது. அவ்வுயரம் தரும் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. வெளிக்காற்றுப் புகாதபோது, டாங்கியிலுள்ள காற்று ஐம்பதில் ஒரு பங்கு விரிந்தாலே போதும், பெட்ரோல் இறங்காது. டாங்கி நிறைந்து ஒரு லிட்டர் காற்றே இருப்பின், இருபது மில்லிலிட்டர் இறங்கியதும் ஓட்டம் நிற்கும். பத்து லிட்டர் காற்று இருப்பின் இருநூறு இறங்கும். முதல் நாள் இரண்டு லிட்டரோடு கால் மணி நேரம் ஓடிய வண்டி, நிறைய ஊற்றியபின் எட்டு நிமிடத்தில் நின்ற விந்தை இதுவே. பெட்ரோல் உண்டா என்று யாம் மூடியைத் திறந்து பார்த்த ஒவ்வொரு முறையும் நோயைத் தீர்த்துவிட்டு, சூடு ஆறிற்று என்று எழுதி வைத்துக்கொண்டோம். பாயில் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் கை அது.

"பழைய நாளில் குண்டூசி ஒன்று சட்டைக் காலரில் வைத்திருப்பேன்" என்றார் எந்தையார்.

விடியலில் பட்டறைக்குச் சென்றோம். கதவு பாதி திறந்திருந்தது. "தம்பி, குற்றம் மூடியில் இருந்தது, அம்மூடியைக் கெடுத்தவர் யாமே. அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிக்க வேண்டும்" என்றோம். அவர் சிறிது நேரம் தரையை நோக்கிநின்று, "ஐயா காத்திருக்கிறார்களா, சார்?" என்று மட்டும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு உடன் வந்தார்.

வந்தவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்தார், பின்சக்கரத்து பிரேக் கம்பியின் முனையிலுள்ள ஆணியை விரலாற் தொட, அது பாதி வெளியே வந்தது. ஆணி நழுவாமற் காக்கும் ஸ்பிலிட் பின் அதில் இல்லை. அதனை மாட்டியவரும் யாமே. பின்னைப் பிறகு செருகலாமென்று வைத்த இடம் இன்றும் எமக்கு நினைவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் தம் பையிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகி, முனையை மடக்கினார். எந்தையாரைப் பின்னிருக்கையில் ஏற்றிய பின்னரே எமக்குக் கை நடுங்கலாயிற்று.

பாளையங்கோட்டைத் தெருக்கள் அவ்வேளையில் இன்னும் நிறையவில்லை. எந்தையார் ஒரு கையால் எம் தோளையும் மறு கையால் மலர் வளையத்தையும் பற்றியிருந்தார். முருகன்குறிச்சியை நெருங்குகையில் ஒரு பேருந்து குறுக்கே திரும்பிற்று. யாம் இக்காலத்து வண்டிகளிற் பழகியவராதலின் வலக்காலை ஓங்கி மிதித்தோம். இவ்வண்டியில் வலக்காலில் இருப்பது கியர், பிரேக் இடப்புறத்தது. வேகம் குறையாது, அடுத்த கியர் விழுந்தது. கைப்பிரேக்கை இறுகப் பற்றினோம். அக்கணமே எம் இடத்தொடையில் ஓர் அடி விழுந்தது. இடக்கால் தானே இறங்க, வண்டி பேருந்துக்கு இரண்டு முழம் இப்பால் நின்றது.

"உன் அம்மையும் இப்படித்தான் அடிப்பாள், நான் வேகமாகப் போனால்" என்றார் எந்தையார். யாம் நியூட்ரலைத் தேடிக்கொண்டிருந்தோம்.