மகன் தனியே புறப்பட்டபோது

சனி, ஞாயிறுகளில் ராஜபாளையம் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் மோட்டார் சைக்கிள்களை எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது. திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லத்தில் முடியும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரின் வழியாகத்தான் போகிறது. பின்னிருக்கையின் இருபுறமும் பைகள் தொங்க, முழங்காலில் காப்பு அணிந்து, இளைஞர்கள் செங்கோட்டையையும் ஆரியங்காவையும் கடந்து கேரளம் செல்கிறார்கள். கூட்டமாகச் செல்வோரே மிகுதி. அவர்களுக்கிடையே ஒற்றையாய்ச் செல்லும் ஒருவரும் அவ்வப்போது கண்ணில் படுவார். அத்தகையவரைக் கண்டால், "யார் பெற்ற பிள்ளையோ, அல்லாஹ் காப்பாற்றட்டும்" என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்படிச் சென்றவன் எங்கள் பிள்ளை.

இதை எழுதுவோர் ஒருவர் அல்லர். அவனுடைய அத்தாவும் அம்மாவும் சேர்ந்தே எழுதுகிறோம். இதே கேள்வியோடு பிள்ளைகள் எதிரே நிற்கும் பெற்றோர் இன்று நம் சமுதாயத்தில் பலர் இருப்பதை அறிவோம். அவர்களுக்கு உதவலாம் என்பதால்தான் வீட்டுச் செய்தியை வெளியே சொல்லத் துணிந்தோம்.

மகனுக்கு அப்போது வயது இருபத்தாறு. சென்னையில் கணினித் துறையில் இருந்த வேலை போயிற்று. வேலை போன இரண்டாம் மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் நிச்சயித்திருந்த திருமணமும் நின்றது. பெண் வீட்டாரைக் குறை கூறுவதற்கில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் அவன் அறைக்குள் அடைந்துகொண்டான். பகலில் உறக்கம், இரவில் விழிப்பு. ஃபஜ்ருக்கு எழுப்பினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். மதுரையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். உறவினர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள், சுளித்தால் சுளிக்கட்டும். உடம்புக்கு மருத்துவரைப் பார்ப்பவர்கள் மனத்துக்குப் பார்ப்பதில் என்ன இழுக்கு? ஆறு மாதத்தில் சற்றுத் தெளிந்தான். அதன் பின்னரே ஒருநாள் இரவு உணவின்போது சொன்னான்: "அத்தா, நான் வண்டியில் காஷ்மீர் வரைக்கும் போய்விட்டு வருகிறேன். தனியாகப் போக வேண்டும்."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

எங்கள் குடும்பத் தொழிலைச் சொன்னால் எங்கள் அச்சம் விளங்கும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணியை வாங்கி, வெட்டிச் சுருட்டி மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறோம். எலும்பு முறிவுப் பிரிவுக்கு எவ்வளவு சரக்கு போகிறது என்பது எங்கள் ஏட்டில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இந்தக் கணக்கை அவன் முன்னால் வைத்தோம். அவன் வேறொரு கணக்கை வைத்தான். "ராவுத்தர் என்றால் குதிரை வீரன் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? குதிரைக்காரனைக் கட்டிப் போட்டால் எப்படி?"

சிரித்துவிட்டோம். வெகுநாளைக்குப் பின் அவன் பகடி பேசியது அன்றுதான். மறுக்கும் எண்ணம் அப்போதே பாதி கரைந்தது என்று சொல்ல வேண்டும்.

மீதிப் பாதிக்காகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை நாடினோம். இரவில் தனியே பயணம் செய்வதன் தீங்கை நபி (ஸல்) அவர்கள் அறிந்த அளவு மக்கள் அறிந்தால் எவரும் செல்லமாட்டார்கள் என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரியில் இருப்பதை நாங்கள் முன்பே கேள்விப்பட்டிருந்தோம். ஒற்றைப் பயணியைக் கடிந்து, மூவரைப் பயணக் கூட்டம் என்று கூறும் அறிவிப்பும் அபூதாவூதில் உண்டு. அவற்றைச் சொல்லி அவனைத் தடுத்துவிடுவார் என்பதே எங்கள் எதிர்பார்ப்பு. ஹஜ்ரத் அவ்வாறு செய்யவில்லை. இது ஹராம் என்னும் தடை அன்று, தனித்தவனுக்கு நேரக்கூடிய அச்சத்தையும் ஆதரவின்மையையும் எண்ணிச் சொன்ன ஒழுக்க அறிவுரை என இமாம் தபரி விளக்கியதை எடுத்துக் காட்டினார். அகழ்ப்போரில் ஸுபைர் (ரலி) அவர்கள் தனியே வேவு பார்க்கச் சென்ற செய்தியை, இந்த ஹதீஸின் பக்கத்திலேயே இமாம் புகாரி வைத்திருப்பதையும் சொன்னார். பிறகு மகனைப் பார்த்துக் கேட்டார்: "இரவில் ஓட்டுவாயா?" "மாட்டேன்." "அம்மா மனம் ஒப்பினார்களா?" அவன் பேசாமல் இருந்தான்.

வீடு திரும்பியதும் அவனுடைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். எதைப் படித்து இவனுக்கு இந்த ஆசை வந்தது என்று அறிய வேண்டாமா? மோட்டார் சைக்கிளில் தன்னைத் தேடியவர்கள் என்று உலகம் கொண்டாடும் நூல்கள் இரண்டு இருந்தன. ஒன்று சே குவேரா 1952இல் தென் அமெரிக்காவில் செய்த பயணம். அவர் தனியே போகவில்லை. அல்பெர்தோ கிரனாதோ என்ற நண்பரின் வண்டி அது. சிலியில் வண்டி செத்துப்போன பின்பு இருவரும் கிடைத்த ஊர்தியில் ஏறிப் போனார்கள். மற்றொன்று ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர் 1974இல் வெளியிட்ட நூல். அவருடைய வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தது அவருடைய பதினோரு வயது மகன்! இதைக் கண்டுபிடித்ததும் எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறுபிள்ளைத்தனமானதுதான். மகன் விடவில்லை. டெட் சைமன் என்ற ஆங்கிலேயர் 1973 முதல் நான்காண்டுகள் தன்னந்தனியே உலகைச் சுற்றியதையும், அவ்வழியில் இந்தியா வந்ததையும் சொன்னான்.

நாமும் சளைத்தவர்கள் அல்லர் என்று இப்னு பதூதாவை எடுத்தோம். 1325இல், இருபத்தொரு வயதில், மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்காகத் துணையின்றிப் புறப்பட்டவர் அவர். எங்கள் பக்கத்துக்கும் வந்தவர்தாம். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு மனைவி வழியில் உறவு. மதுரையில் கொள்ளை நோய் பரவியிருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்து, இறுதி வந்துவிட்டது என்றே எண்ணி, நம்மூர்ப் புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாக எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து வருவதைச் சொன்னபோது வரவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துத் திமிஷ்கில் அவருக்குத் தெரிகிறது, தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின என்று. அடுத்த ஆண்டு சொந்த நாட்டை அடைகிறார். வீடு போய்ச் சேருமுன் வழியிலேயே செய்தி வருகிறது, தாயும் கொள்ளை நோயில் போய்விட்டார் என்று. உலகமே அவர் பயணத்தைப் படிக்கிறது. வாசலில் காத்திருந்தவளைப் பற்றி யாரும் ஒரு நூல் எழுதவில்லை.

அம்மா சொன்னார்: "இதை அவனிடம் சொல்லுங்கள்." சொன்னோம். அவன் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அவரிடம் கைப்பேசி இல்லையே, அம்மா" என்றான். நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நாள்தோறும் மஃக்ரிபுக்குப் பின் அழைப்பதாக அப்போதே வாக்குக் கொடுத்தான். மஃக்ரிபுக்குப் பின் சக்கரம் சுழலாது என்பதும் அந்த வாக்கில் அடங்கியது. அம்மா ஒப்பினார்.

ஒரு வேலை மட்டும் எஞ்சியிருந்தது. பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றை இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் தொகுத்திருக்கிறார்கள்: கடனைத் தீர்த்தல், பிறர் பொருளை உரியவரிடம் ஒப்படைத்தல், தம்மை நம்பியிருப்போரின் செலவுக்கு வைத்துவிட்டுப் போதல். கஸ்ஸாலியின் கதையும் இதற்கு மிகப் பொருந்தும். 1095இல் பக்தாதின் நிஸாமிய்யாவில் பெரும் பேராசிரியராக இருந்தபோது நா எழாமல், உணவு இறங்காமல் போய், பதவியை உதறி வெளியேறியவர். அப்போதும் பிள்ளைகளின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்தே சென்றார். பின்னர் அவரை ஊருக்குத் திரும்பி வரச் செய்ததும் அந்தப் பிள்ளைகளின் அழைப்புத்தான்.

எங்கள் மகனிடம் பிறர் பொருள் ஒன்று இருந்தது. நிச்சயத்தன்று பெண் வீட்டார் அணிவித்த கைக்கடிகாரமும் அரைப் பவுன் மோதிரமும். திருமணம் நின்றபோது இருபக்கமும் பேசிப் பொருள்களைத் திருப்பிக்கொண்டார்கள். இவ்விரண்டையும் மட்டும் அவன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். யார் கேட்டும் தரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். எட்டு மாதமாக அந்த ஊருக்குள் அவன் கால் வைக்கவில்லை. மதுரைக்குப் போவதென்றால்கூடச் சாத்தூர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவான். தொலைவிலிருந்து தெரியும் அந்தப் பதினொரு நிலைக் கோபுரத்தைப் பார்க்கவும் பிடிக்காதவன்போல் இருந்தான். இப்போது காஷ்மீருக்குப் போகிறவன் அதைத் தாண்டித்தானே போக வேண்டும்?

"நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்" என்றோம். "வேண்டாம், நானே போகிறேன்" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பின் கிளம்பினான். போய்ச் சேர இருபது நிமிடம். மூன்று மணி நேரம் ஆகியும் வரவில்லை. அன்று நாங்கள் அடைந்த கலக்கத்தைப் பின்னர் அவன் சோஜிலாக் கணவாயின் அருகே இருந்தபோதும் அடையவில்லை. இஷாவுக்குப் பின் வந்தான். கையில் அரைக் கிலோ பால்கோவா. பெண்ணின் தந்தை கொடுத்தனுப்பியதாம். பொருளை வாங்கிக்கொண்டு, "தம்பி, எங்களைப் பொருத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கேட்டிருக்கிறார். இவனும் கேட்டிருக்கிறான். இருவரும் கடைத்தெருவில் நின்று தேநீர் குடித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் பேசி முடித்திருப்பதையும் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மீதி நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டோம். செண்பகத்தோப்பு போகும் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் ஃபஜ்ருக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து வந்தான்.

வியாழக்கிழமை புறப்பட்டான், நபி (ஸல்) அவர்கள் பயணத்துக்கு விரும்பிய நாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகவே போனான்.

பயணத்தைப் பற்றி நாங்கள் அதிகம் சொல்வதற்கில்லை, போனவன் அவன். திருமங்கலத்தில் 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, டெல்லி என்று ஸ்ரீநகர் வரை அதே சாலை. முதல் நான்கு நாள் தலைக்கவசத்துக்குள் தன் புலம்பலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்றான். ஐந்தாம் நாள் முதல் பெட்ரோல், தண்ணீர், தொழ ஓரிடம் ஆகிய மூன்றே சிந்தனை. நாக்பூருக்கு வடக்கே சக்கரம் பஞ்சராகி நின்றபோது முதலில் நிறுத்திய லாரி நாமக்கல்லைச் சேர்ந்தது. ஓட்டுநர் வண்டியை மேலே ஏற்றி, தம் சோற்றில் பாதியைக் கொடுத்து, "வீட்டுக்குப் பேசினாயா?" என்று கேட்டாராம். ஸ்ரீநகர் ஜாமிஆ மஸ்ஜிதில் ஜும்ஆ தொழுதான். அங்குள்ள 378 தேவதாருத் தூண்களில் எத்தனையை எண்ணினாய் என்று கேட்டதற்கு, "நாற்பதோடு விட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்த பெரியவர் பேச ஆரம்பித்துவிட்டார்" என்றான். அவன் சொன்ன கதைகளில் எல்லாம் இப்படி யாரேனும் ஒருவர் வந்துவிடுகிறார். தனியே போனவனின் கதையில் இத்தனை பேர்! பயணத்துக்கு அரபியில் ஸஃபர் என்று பெயர் வந்தது, அது மனிதரின் குணத்தைத் திரை நீக்கிக் காட்டுவதால்தான் என்று கஸ்ஸாலி எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. திரையை நீக்க எதிரே ஓர் ஆள் வேண்டும் போலும்.

வீட்டிலும் முப்பத்தொரு நாள் கழிந்தது. பயணியின் துஆவும், பிள்ளைக்காகப் பெற்றவர் கேட்கும் துஆவும் தடையின்றி ஏற்கப்படுபவை என்று ஒரே ஹதீஸில் சேர்ந்து வருகின்றன. அவன் அங்கே, நாங்கள் இங்கே. ஒருநாள் மஃக்ரிபுக்குப் பின் அழைப்பு வரவில்லை. பனிஹால் பக்கம் மழை, தொடர்பு இல்லை. இரவு பத்தே முக்காலுக்கு வந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அம்மா முஸல்லாவை விட்டு எழவில்லை. அத்தா வாசற்படியை விட்டு எழவில்லை.

திரும்பி வந்தவனிடம், "தேடியது கிடைத்ததா?" என்று உறவினர்கள் கேலியாகக் கேட்டார்கள். "கறுத்துப் போனதுதான் கிடைத்தது" என்று சிரித்தான். பழைய வேலைக்கு மனுப் போடவில்லை. சத்திரப்பட்டித் தறிக்காரர்களிடம் சரக்கெடுக்கும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். துயரம் முழுவதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். சில இரவுகளில் அவன் அறையில் விளக்கு எரிகிறது. மருத்துவர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை.

இப்போது அவன் தங்கை ஆரம்பித்திருக்கிறாள். கல்லூரி இறுதியாண்டு. மூவர் என்றால் பயணக் கூட்டம் என்று ஹஜ்ரத் சொன்னதைக் கேட்டு வைத்திருக்கிறாள்போல் இருக்கிறது. அண்ணன் வண்டியில் அவளும், அத்தாவின் பழைய ஸ்கூட்டரில் அத்தாவும், ஆரியங்காவு வழியாகக் கொல்லம் வரை போகலாம் என்கிறாள். அப்படியானால் என் கதி என்ன என்று அம்மா கேட்கிறார். மழை ஓயட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.