கட்டுரைக்கு முகவரி எழுதுதல்

புத்தகத்துக்கு அட்டை உண்டு, முதுகு உண்டு, முதுகில் பெயர் உண்டு. அலமாரி ஓரமாக நடந்து போகிறவர் கண்ணில் அது தானாகவே படும். கட்டுரைக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஏதோ ஓர் இதழின் 112ஆம் பக்கத்தில் தொடங்கி 126ஆம் பக்கத்தில் முடிந்துபோகும். அந்த இதழை எடுத்துப் புரட்ட ஆளில்லை என்றால் அது எழுதப்படாததற்குச் சமம். இன்ன கட்டுரை, இன்னார் எழுதியது, இந்த இதழில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போடும் தொழிலை நான் திருவனந்தபுரத்தில் கற்றேன்.

கற்ற இடம் கழக்கூட்டம் பக்கம் ஒரு சிறிய ஆய்வு நூலகம். யார் யாரோ நன்கொடையாகக் கொடுத்த தமிழ், மலையாள இதழ்கள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. நான் நாகர்கோவில்காரி, தமிழ் படித்தவள். கற்றுக்கொடுத்தவர் பணி ஓய்வு பெற்ற மலையாளி நூலகர். எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். நூலக விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இதழ் என் கையில், விதி அவர் வாயில் என்றுதான் வேலை நடந்தது.

திருவனந்தபுரத்துக்கு இந்தத் தொழில் புதிதல்ல. பாளையத்தில் நிற்கும் பொது நூலகம் 1829இல் தொடங்கியது. காரியவட்டத்தில் ஓலைச்சுவடிகளுக்கென்றே தனி நூலகம் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை 1962இல் வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டது. கணினி எட்டிப் பார்க்காத காலத்தில், ஒரு நூலின் சொற்களையெல்லாம் அகரவரிசையில் நிறுத்தி, எது எந்தப் பாட்டில் வருகிறது என்று காட்டிய உழைப்பு அது. கட்டுரைப் பதிவும் அதே குடும்பத்து வேலை. தேடி வருகிறவருக்காக முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து உழைத்து வைப்பது.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் கோஹா. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற வட்டாரத்தின் நூலகங்களுக்காக 1999இல் எழுதப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் ஓடத் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டாம், மூல நிரலும் திறந்தே கிடக்கும். கேரளத்துக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. உள்ளே பதிவுகள் மார்க் 21 என்ற அமைப்பில் உட்காரும். ஒவ்வொரு தகவலுக்கும் மூன்றிலக்க எண் ஒன்று, அதை ‘டேக்’ என்பார்கள். 100 ஆசிரியர், 245 தலைப்பு, 650 பொருள். கட்டுரைக்காரர்களுக்கு உயிர்நாடியான எண் 773. இந்தக் கட்டுரை எதற்குள் இருக்கிறது என்று சொல்லும் இடம் அது.

முதலில் இதழுக்கு ஒரு தாய்ப் பதிவு. பிறகு அதன் கீழ் ‘நியூ சைல்டு ரெக்கார்டு’ என்று திறந்தால், தாயின் பெயரும் எண்ணும் 773இல் தானாகவே வந்து விழும். தொகுதி, இதழ், மாதம், பக்கம் இவற்றை மட்டும் நாம் நிரப்ப வேண்டும். பதிவின் தலையில் ‘லீடர்’ என்று ஒரு வரி உண்டு; அதில் 07ஆம் இடத்தில் ‘பி’ (b) என்ற எழுத்து இருந்தால்தான் இது தொடர் வெளியீடு ஒன்றின் உள்ளே இருக்கும் பகுதி என்று கணினிக்கு விளங்கும். அந்த இடத்தில் ‘எம்’ இருந்தால் பதினைந்து பக்கக் கட்டுரையும் தனிப் புத்தகமாகி, நூல் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

பொத்தான்கள் சீக்கிரமே பழகிவிட்டன. கடினமானது வேறு. “மோளே, ஆத்யம் கையில உள்ள பேப்பரை நோக்கு. பின்னே மதி ஸ்க்ரீன்” என்பார் டீச்சர். முதலில் கையிலுள்ள தாளைப் பார், திரை அப்புறம் போதும். எளிய சொல்தான். ஆனால் தமிழ் இதழ் ஒன்றைக் கையில் எடுத்ததும் அதன் பொருள் புரியும். மென்பொருள் தொகுதி எண் கேட்கிறது, இதழ் எண் கேட்கிறது. ‘செந்தமிழ்ச் செல்வி’யில் இருப்பதோ சிலம்பு, பரல். ‘தமிழ்ப் பொழி’லில் துணர், மலர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் ‘செந்தமி’ழில் தொகுதி, பகுதி. இவற்றையெல்லாம் தொகுதி, இதழ் என்று ஒரே அச்சில் வார்த்துவிடலாமா? கூடாது என்றார் டீச்சர். பழைய ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளில் சிலம்பு, பரல் என்றே மேற்கோள் காட்டியிருப்பார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு நம் பதிவிலும் அதே சொல் கண்ணில் பட வேண்டும். எனவே 773இல் இதழ் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதினோம். வரிசைப்படுத்த உதவும் வெறும் எண்களை அதற்கென உள்ள தனி உட்புலத்தில் போட்டோம். அச்சில் உள்ளதை மாற்றாமல் எழுது, தேடுகிறவருக்கு வேண்டியதை அதன் பக்கத்தில் சேர். எல்லாச் சிக்கலுக்கும் இந்த இரண்டையும் வைத்துத்தான் வழி கண்டோம்.

ஆண்டு விவகாரம் இன்னும் சுவையானது. திருவிதாங்கூர்ப் பழைய இதழ்கள் சிலவற்றில் கொல்லம் ஆண்டு மட்டுமே இருக்கும். கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டோ ஜனவரியில். ஆகவே ஒரு கொல்லம் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளின் மேல் கிடக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி வரை 825. கேரளத்தில் இன்றும் பேசப்படும் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ 1099 கர்க்கடகத்தில் வந்தது. கர்க்கடகம் நம் ஆடி, எனவே 1924. அதே 1099இன் சிங்ஙத்தில் வெளியான இதழ் 1923ஆம் ஆண்டினது. மாதம் பார்க்காமல் ஆண்டை மட்டும் மாற்றிப் போட்டால் வெள்ளம் வருவதற்கு முன்பே வெள்ளத்தைப் பற்றி எழுதியதாகக்கூடப் பதிவு சொல்லும். ‘1099 கர்க்கடகம்’ என்று அச்சில் உள்ளபடி எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 1924 என்று சேர்ப்போம். சதுர அடைப்புக்குள் இருந்தால் அது நூலகர் தந்த தகவல், இதழ் சொன்னதல்ல என்று பொருள். இந்தச் சின்னக் குறியில் எவ்வளவு நேர்மை இருக்கிறது என்று எனக்கு இன்றும் வியப்பு.

தொடர் கட்டுரைகளுக்கு ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். நாலு இதழ்களில் ‘தொடரும்’ போட்டு ஓடிய கட்டுரையை ஒரே பதிவில் அடக்குகிறவர்கள் உண்டு. நாங்கள் நாலு பதிவு போட்டோம். தலைப்பு ஒன்றே, பகுதி எண் மட்டும் மாறும். நடுவில் ஓர் இதழ் நூலகத்தில் இல்லையென்றால் எது இல்லை என்பது பளிச்சென்று தெரியும். இதுதான் சரி என்பது என் முடிவு.

பெயர்களுக்கு வருவோம். எங்கள் நேரத்தில் பாதியைப் பெயர்களே தின்றன. மேல்நாட்டு மென்பொருள் எதுவாக இருந்தாலும் குடும்பப் பெயர் எது என்று கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எஸ். வையாபுரிப் பிள்ளையில் ‘பிள்ளை’யைக் குடும்பப் பெயராகத் தள்ளினால், சுந்தரம் பிள்ளை, தேசிகவிநாயகம் பிள்ளை எல்லோரும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்பார்கள். மூவருக்குமே இந்த ஊரோடு உறவு உண்டு. மூவரையும் இங்கே தேடுவார்கள். மார்க்கில் 100ஆம் டேக்கின் முதல் குறியீட்டைச் சுழியம் ஆக்கினால், இது இயற்பெயரில் தொடங்கும் பெயர், உடைக்காதே என்று சொன்னதாகும். தமிழ்ப் பெயர்களுக்கு எங்கள் வழக்கம் அது. பெயரில் தொடங்கி, முதலெழுத்தைக் கடைசியில் வைப்போம்.

அது முடிந்தாலும் ஒரே மனிதர் பல வேடத்தில் வருவார். வையாபுரிப்பிள்ளை, வையாபுரிப் பிள்ளை, வையாபுரி பிள்ளை என ஓர் இடைவெளியும் ஓர் ஒற்றெழுத்தும் மூன்று ஆட்களை உண்டாக்கிவிடும். வ. அய். சுப்பிரமணியம் ஓரிடத்தில் வி. ஐ. ஆவார், ஆங்கிலத்தில் அவர் பெயரை ‘சுப்பிரமோணியம்’ என்று வாசிக்கும்படி, திருவிதாங்கூர் வழக்கத்தில் எழுதுவார்கள். இதற்குத்தான் பெயர் ஆணைப் பதிவு. ‘அத்தாரிட்டி’ என்றுதான் நூலகத்தில் சொல்வோம். ஒரு வடிவத்தைத் தலைமையாக வைத்து, மற்ற வடிவங்களை 400ஆம் டேக்கில் அதன் கீழ் சேர்த்துவிட்டால், எந்த வடிவத்தைத் தட்டினாலும் அதே மனிதரிடம் போய்ச் சேரலாம். புனைபெயர் வேறு கதை. கவடியாரில் வாழ்ந்த நகுலன் தமிழில் நகுலன், ஆங்கிலத்தில் டி. கே. துரைசாமி. தமிழ் வாசகருக்குத் துரைசாமி யாரென்று தெரியாமல் போகலாம். ஆங்கில வாசகருக்கு நகுலனைத் தெரியாமல் போகலாம். இரண்டையும் தனித் தலைப்பாக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு ‘இதையும் காண்க’ என்று கைகாட்டச் சொன்னார் டீச்சர். எழுத்தாளர் தேர்ந்துகொண்ட பெயரை நாம் அழிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சிதான்.

கண்ணுக்கே தெரியாத சிக்கல்களும் உண்டு. ‘ஔவையார்’ என்று அடிக்கும்போது ஔ என்ற ஓர் எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டைத் தட்டினால் திரையில் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் வராது. ‘கொ’வில் உள்ள துணையெழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். மலையாளத்தில் சில்லெழுத்துகளின் கதி இதேதான். 2008இல் யூனிகோடு 5.1 வந்தபோது அவற்றுக்குத் தனிக் குறியெண் கிடைத்தது; அதற்கு முன் தட்டியவையெல்லாம் வேறு முறையில் கிடக்கின்றன. ஒரே சொல், இரண்டு உருவம். பழைய பட்டியல்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். டீச்சர் மலையாள வரிகளை வாய்விட்டு வாசிப்பார், நான் தமிழ் வரிகளை. மத்தியானம் முழுக்க அந்த அறையில் கட்டுரைத் தலைப்புகள் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஐஎஸ்எஸ்என் எண் உள்ள இதழென்றால் கொஞ்சம் நிம்மதி. இதழ்களுக்கென 1970களில் புழக்கத்துக்கு வந்த எட்டு இலக்க எண் அது. கடைசி இலக்கம் சரிபார்க்க மட்டும். டீச்சர் அதைத் தாளில் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். திருவனந்தபுரத்திலிருந்து 1972 முதல் வரும் திராவிட மொழியியல் பன்னாட்டு ஆய்விதழின் எண் 0378-2484. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால் 139. பதினொன்றால் வகுத்தால் மீதி 7. பதினொன்றில் ஏழு போனால் 4. எண்ணின் கடைசி இலக்கமும் 4, ஆகவே சரி. அதற்கு முந்தைய தலைமுறைத் தமிழ் இதழ்கள் பலவற்றுக்கு இந்த வசதியே கிடையாது. அவற்றுக்குப் பெயரும் ஊரும் வெளியிட்டவரும்தான் அடையாளம்.

ஒரே கட்டுரை இரண்டு தடவை ஏறியிருந்தால் பதிவுகளை இணைக்கும் வசதி கோஹாவில் இருக்கிறது. எந்தப் பதிவு நிலைக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். நீளமான பதிவை அல்ல, இதழைப் பார்த்துப் போட்ட பதிவை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த உழைப்பெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் புதுமைப்பித்தனைச் சொல்வேன். 1948இல் இதே திருவனந்தபுரத்தில்தான் அவர் இறந்தார். அவர் கதைகள் ‘மணிக்கொடி’யிலும் வேறு இதழ்களிலும் சிதறிக் கிடந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதி இதழ் இதழாகத் தேடி, எந்தக் கதை முதலில் எங்கே, எப்போது வந்தது என்று உறுதி செய்தபிறகே 2000இல் காலச்சுவடு பதிப்பு வந்தது. நல்ல கட்டுரைப் பதிவுகள் நூலகம்தோறும் இருந்தால் இப்படிப்பட்ட வேலைகளை இன்னும் பலர் செய்யலாம். தமிழில் இன்னும் இப்படித் தேடிப் பதிப்பிக்கப்படாமல் கிடக்கிற எழுத்தாளர்கள் எத்தனை பேர்!

சிற்றிதழ் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதழின் பெயர், தொகுதி எண், மாதம், ஆண்டு நான்கையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிடுங்கள். இடம் அதிகம் பிடிக்காது. யாரோ ஒரு கட்டுரையை மட்டும் படியெடுத்து வைத்திருந்தால்கூட அது எங்கிருந்து வந்தது என்று அந்தப் படியே சொல்லிவிடும். வீட்டில் பழைய இதழ் வைத்திருப்பவர்களிடம் இன்னொன்று: பைண்டு செய்யக் கொடுக்கும்போது மேலட்டையைக் கிழிக்க வேண்டாம் என்று பைண்டரிடம் சொல்லுங்கள். பல இதழ்களில் மாதமும் ஆண்டும் அந்த அட்டையில் மட்டுமே இருக்கின்றன.