புலிக் குகையில் ஒரு பகல்

புலிக் குகை என்று பெயர்தான். புலியும் இல்லை, குகையும் இல்லை! மாமல்லபுரத்துக்கு 5 கிலோமீட்டர் வடக்கே, சாளுவன்குப்பத்தில், கடலோரப் பாறையில் குடைந்த ஒரு சிறு மாடம் அது. சுற்றிலும் 11 யாளித் தலைகள். பையன் பத்து என்கிறான், பெண் பன்னிரண்டு என்கிறாள், ஒரே சண்டை. சவுக்கு நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் சமாதானம்.

அம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். 2004 டிசம்பர் 26 காலையில் மெரினாவில் தண்ணீர் ஏறி வந்ததைக் கண்ணால் கண்டவள். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை.

"சற்றுத் தள்ளி ஒரு முருகன் கோயில் இருக்கிறதம்மா" என்றேன். அந்தச் சுனாமி மணலை அரித்துக் கல்வெட்டுப் பாறை ஒன்றை வெளிப்படுத்த, 2005-இல் தோண்டிக் கண்ட கோயில். மேலே பல்லவர் காலத்துக் கல். அடியில் அதற்கும் முந்திய செங்கல். சங்க காலத்தது என்கிறார்கள்.

முருகன் என்றதும் எழுந்துவிட்டாள். அங்கிருந்த கல் வேலைக் கும்பிட்டாள். பிறகு என் கையை இறுகப் பற்றிக்கொண்டு, மெல்லக் கடல் பக்கம் திரும்பினாள்.

"இவனையுமா மூடி வைத்திருந்தாய்?" என்று அதைக் கேட்டாள்.

குழந்தைகளைக் கால் நனைக்க மட்டும் கடைசிவரை விடவில்லை.