விமானப் பயணியும் முஸாபிரே

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் சிலர், வேலை நிமித்தம் பெங்களூருக்கு விமானத்தில் சென்று திரும்புகின்றனர். "ஒரு மணி நேரம் குளுகுளுவென்று அமர்ந்து போகிறவனுக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை எதற்கு, ஹஜ்ரத்?" என்று அவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு.

நல்ல கேள்வி, ஆனால் புதிய கேள்வி அன்று. அச்சம் நீங்கிய பின்னும் பயணத்தில் ஏன் சுருக்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்களே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அது அல்லாஹ் வழங்கிய கொடை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் பொருள்பட விடை கிடைத்தது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, கடல்வழியே அத்தூரத்தைச் சொற்ப நேரத்தில் கடந்தாலும் கஸ்ர் உண்டென்று தம் 'மின்ஹாஜ்' நூலில் எழுதிச் சென்றார்கள். விமானத்தைக் கனவிலும் காணாத காலம் அது!

ஆக, அளவுகோல் தூரமே, நேரமன்று. ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமீ மைல். இன்றைய கணக்கில் 80 கி.மீ.க்குச் சற்று மேல் என்பர் பலர். ஹனபி உலமாக்கள் மூன்று நாள் நடையைச் சுமார் 77 கி.மீ. என மதிப்பர், அவர்களிடம் சுருக்குவது சலுகை மட்டுமன்று, வாஜிபும் ஆகும். சென்னை-பெங்களூர் ரயில்பாதை 362 கி.மீ.; வான்வழி சுமார் 270. எப்படி அளந்தாலும் எல்லை கடந்ததே.

நேரத்தை நம்பினால் என்னவாகும்? சென்னையிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,400 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகையில் எதிர்த்து நிற்கிறது, வருகையில் தள்ளிவிடுகிறது. அதனால் ஒரே தூரத்துக்குப் பொதுவாகப் போகும் நேரம் கூடுகிறது, வரும் நேரம் குறைகிறது. இதற்கு இரு சட்டமா? கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் மின்ரயிலில் ஒன்றரை மணி நேரம் இடிபடுபவர் 50 கி.மீ. கூடக் கடப்பதில்லை; அவர் முஸாபிர் ஆகார். (அவர் படும் பாட்டுக்கு வேறு கூலி உண்டு.)

சலுகையை ஏற்க வெட்கப்பட்டு, "ஊருக்குப் போய் முழுதாய்த் தொழலாம்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் தொழுகையையே தவறவிடுவோரை நாம் கண்டிருக்கிறோம். நம் கவலை அதுவே.

மீனம்பாக்கத்தில் ஒரே விமானத்துக்குக் காத்திருக்கும் இருவரைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டிக்காரர் தம் ஊரெல்லையைத் தாண்டியபோதே முஸாபிர்; லுஹர் இரண்டு ரக்அத். திருவல்லிக்கேணிக்காரரோ தொடர்ந்து வரும் நகரக் கட்டடங்களை இன்னும் தாண்டவில்லை, அவருக்கு நான்கு. அவரே இமாமாக நின்றால் இவரும் நான்கே தொழ வேண்டும். போன ஊரில் தங்குவதற்கும் கணக்குண்டு: வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் நிய்யத்திருந்தால் ஷாபிஈயில் கஸ்ர் முடிந்தது, ஹனபியில் பதினைந்து நாள்.

இனி நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வேடிக்கை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்குப் பெரியபாளையம் வழியே சாலையில் 50 கி.மீ. அளவே. ரயிலில் சென்னை சென்று மாறிப் போனாலோ 90 கி.மீ.யை நெருங்குகிறது. வசதி கருதி ரயிலேறியவருக்கு ஷாபிஈயில் கஸ்ர் உண்டு. இரண்டு ரக்அத்தை மிச்சம் பிடிக்கவென்றே சென்னையைச் சுற்றுபவருக்கு இல்லை. அப்படியும் ஒருவர் சுற்றுவாரா என்று கேட்காதீர்கள். நவவி (ரஹ்) அவர்கள் அதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.