டிங்கோ விற்ற வீடு

வாழவந்தியில் மழை பிடித்துக்கொண்டது. காப்பி எஸ்டேட்டில் இருந்து திரும்பினால், சில்வர் ஓக் மரத்தில் உரச்சாக்கைத் தொங்கவிட்டுக் குத்திக்கொண்டிருக்கிறான் அண்ணன் மகன். ஈரத்தில் விரல் முட்டியெல்லாம் சிவந்திருந்தது. திண்ணையில் உட்கார வைத்து குத்துச்சண்டை வீரர் டிங்கோ சிங் கதையைச் சொன்னேன்.

மணிப்பூரின் சேக்தா கிராமத்துக்காரர். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு முதலில் அணியில் பெயர் இல்லை. மனசு உடைந்து, மயங்கி விழும்வரை குடித்தார். பிறகு சேர்த்துக்கொண்டார்கள். போனவர் 54 கிலோ பிரிவில் தங்கத்தோடு திரும்பினார். குத்துச்சண்டையில் 16 ஆண்டுகளுக்குப் பிறகு நமக்குக் கிடைத்த ஆசியத் தங்கம். மேரி கோம் கையுறை மாட்டியது அவரைப் பார்த்துத்தான்.

2017இல் கல்லீரலில் புற்றுநோய். அர்ஜுனாவும் பத்மஸ்ரீயும் வாங்கியவர், வைத்தியத்துக்காக வீட்டை விற்றார். வீட்டை! எனக்கு இன்னும் ஆறவில்லை. 2020இல் கொரோனாவும் தொற்றியது, அதிலிருந்து மீண்டார். 2021 ஜூன் 10 அன்று, 42 வயதில் போய்விட்டார்.

“சித்தப்பா, ஜெயிச்சப்ப கூட நின்னவங்கெல்லாம் எங்க போனாங்க?” என்றான் பையன்.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய வீரர் இருப்பார். இந்த வாரமே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.