குழாயும் காந்தமில்லாக் கோனும்

ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எப்படியும் போர்ட்டா பேசிவ் ரேடியேட்டரா என்பதில் வந்து நிற்கும். பெட்டியில் இடம் இருக்கும்வரை நான் போர்ட் கட்சி.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங். போர்ட்டில், குழாய்க்குள் நிற்கும் காற்று அதன் மேல் ஆடும் எடை. ரேடியேட்டரில், காந்தமும் வாய்ஸ் காயிலும் இல்லாத ஒரு கோன். ட்யூன் செய்த அதிர்வெண்ணில் ஊஃபர் அதிகம் அசையாது, பாஸ் இந்த எடையிலிருந்தே வரும். இரண்டுமே பழைய யோசனைகள்: போர்ட்டுக்கு பெல் ஆய்வகத்தின் துராஸ் 1932-லும், ரேடியேட்டருக்கு ஆர்.சி.ஏ.வின் ஹாரி ஓல்சன் 1935-லும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள்.

சின்னப் பெட்டியில்தான் சிக்கல். 2 லிட்டர் பெட்டியை 60 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய 5 செ.மீ. விட்டக் குழாய் போட்டால், நீளம் கிட்டத்தட்ட 80 செ.மீ. வேண்டும். குழாயின் உள்ளளவே ஒன்றரை லிட்டர்! விட்டத்தை 3 செ.மீ. ஆக்கினால் 27 செ.மீ. போதும்; மடக்கித் திணித்துவிடலாம். ஆனால் அதே பாஸுக்கு அந்தக் குறுகிய வாயில் காற்று ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் போய்வர வேண்டும். தவில் இசையைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, போர்ட் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். தவிலின் தொப்பியில் விழும் ஒவ்வொரு அடிக்கும் காற்று வந்து மோதும், கூடவே புஸ் என்று ஓர் இரைச்சல். தொப்பியின் அந்தக் கனத்த நாதத்தை இரைச்சலோடு கேட்க எனக்கு மனம் வராது.

ரேடியேட்டருக்கு உரிய இடம் இந்தச் சின்னப் பெட்டிதான். ப்ளூடூத் ஸ்பீக்கர்களின் இரு முனைகளிலும் துடிக்கிறதே, அதுதான். எதிரெதிரே வைப்பதால் ஒன்றின் உதைப்பை மற்றொன்று ஈடுகட்டும், பெட்டி நடுங்காது. ட்யூன் செய்வதும் சுகம். பல ரேடியேட்டர்களில் கோனின் நடுவே ஒரு போல்ட் இருக்கும். வாஷர் கோக்கக் கோக்க ட்யூனிங் கீழே இறங்கும். அதிகமாகிவிட்டால் ஒன்றைக் கழற்றலாம். குழாயை அறுத்தால் அறுத்ததுதான்.

ஆனால் ஊஃபர் தள்ளும் காற்றைப்போல் சுமார் இரண்டு மடங்கை ரேடியேட்டர் தள்ளியாக வேண்டும். அதனால் ஒரு சைஸ் பெரியதாக ஒன்றோ, அதே சைஸில் இரண்டோ வாங்க வேண்டியிருக்கும். போதாததற்கு, ட்யூனிங்குக்குக் கீழே பாஸ் இன்னும் செங்குத்தாக விழும்.

40 லிட்டர் பெட்டிக்கு இந்தச் செலவு எதற்கு? 40 ஹெர்ட்ஸுக்கு 7.5 செ.மீ. உள்விட்டத்தில் 15 செ.மீ. பி.வி.சி. குழாய் போதும். இரண்டு வாயையும் விரித்து வழவழப்பாக்கி, ஊஃபருக்கு நேர் பின்னே வராமல் தள்ளிப் பொருத்திவிட வேண்டியதுதான்.